இருதயமும் இரத்தக் குழாய்களும்

(மும்பை விக்ரோலியில் தமிழ் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இக்கூட்டத்திற்கு வரும் வழியில் விக்ரோலி ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் சற்று நேரம் நின்றேன். கிழக்கே கோத்ரெஜ் தொழிற்சாலைகள். அவற்றுக்கு அப்பால் தாணே கழியை ஒட்டிப் பரந்து கிடக்கும் அலையாத்திக் காடுகள். மேற்கே பார்க்சைட் குன்றின் சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். கழியின் நீர் கடலின் ஏற்றத்தோடு உள்ளே வருகிறது. இறக்கத்தோடு வெளியே போகிறது. வந்த வழியே திரும்பிப் போகும் நீர் அது.

மனித உடலிலும் இரத்தம் இவ்வாறுதான் முன்னும் பின்னும் அலைகிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர், உணவிலிருந்து ஈரலில் இரத்தம் உண்டாகிறது, அது சிரைகள் வழியே உடலெங்கும் சென்று உறிஞ்சப்பட்டுத் தீர்ந்து போகிறது என்று எழுதினார். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் அவருடைய சொல்லே வேதவாக்காக இருந்தது. இருதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்திற்கு இரத்தம் நுரையீரல் வழியாகவே செல்ல முடியும் என்று 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல் நஃபீஸ் என்ற அரபு மருத்துவர் எழுதினார். ஆயினும், முழுச் சுற்றோட்டத்தையும் சந்தேகத்திற்கிடமின்றி நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அவருடைய நூல் 1628இல் வெளிவந்தது.

ஹார்வி கையாண்ட முறை மாணவர்கள் கவனிக்கத் தக்கது. அவர் ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டார். இருதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் இரத்தம் இவ்வளவு. அரைமணி நேரத்தில் துடிப்புகள் இவ்வளவு. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் அளவு, உடலிலுள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சி நிற்கிறது. மனிதன் உண்ணும் உணவிலிருந்து இத்தனை இரத்தம் அரைமணியில் உண்டாக முடியாது. எனவே, அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதே முடிவு. தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எப்படிக் கடக்கிறது என்பதை ஹார்வியால் கண்ணால் காண முடியவில்லை. அவர் காலமான பின்னர், 1661இல், இத்தாலியின் மல்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி மூலம் தந்துகிகளைக் கண்டார். சுற்று நிறைவு பெற்றது.

இருதயத்தின் அமைப்பு

மூடிய கைப்பிடி அளவே உள்ள உறுப்பு இருதயம். வளர்ந்த மனிதரிடத்தில் அதன் எடை ஏறத்தாழ 300 கிராம். இரு நுரையீரல்களுக்கும் நடுவே, மார்பெலும்பின் பின்னால், நுனி இடப்பக்கம் சாய்ந்தவாறு அமைந்திருக்கிறது. அதனைச் சுற்றி இரட்டை உறை ஒன்று உண்டு. உறையின் இரு படலங்களுக்கு இடையே சிறிதளவு திரவம் இருப்பதால், ஓயாத அசைவிலும் உராய்வு ஏற்படுவதில்லை.

இருதயத்தை ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இரு குடித்தனங்கள் என்று சொல்லலாம். நடுவில் சுவர், வலப்புறத்து இரத்தமும் இடப்புறத்து இரத்தமும் கலப்பதில்லை. ஒவ்வொரு குடித்தனத்திற்கும் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. மேலறைகள் இரத்தத்தை வாங்கிக் கொள்கின்றன. கீழறைகள் வெளியே தள்ளுகின்றன.

உடலெங்கும் சென்று பிராணவாயுவை இழந்த இரத்தம், இரு பெருஞ்சிரைகளின் வழியே வலது மேலறைக்கு வந்து, மூவிதழ் வால்வைக் கடந்து வலது கீழறையை அடைகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று கரியமில வாயுவை விட்டுப் பிராணவாயுவைப் பெறுகிறது. பின் இடது மேலறைக்குத் திரும்புகிறது. ஈரிதழ் வால்வைக் கடந்து இடது கீழறையில் நிரம்பி, அங்கிருந்து பெருந்தமனி வழியே உடல் முழுவதற்கும் புறப்படுகிறது.

அருகிலுள்ள நுரையீரலுக்குத் தள்ளுவது எளிய வேலை. உச்சந்தலை முதல் கால்விரல் வரை அனுப்புவது கடிய வேலை. ஆகவேதான் இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன் கொண்டிருக்கிறது. அமைப்பு தொழிலுக்கேற்ப அமைந்துள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வால்வுகள் நான்கு. இவை ஒருவழிக் கதவுகள். போகும் திசையில் திறக்கும். திரும்ப வரப் பார்த்தால் மூடிக் கொள்ளும். மருத்துவர் காதில் கேட்கும் ‘லப் - டப்’ என்ற ஓசை, இக்கதவுகள் மூடும்போது எழுவதேயாகும். 1816இல் பிரான்சின் லென்னெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து இவ்வோசையைக் கேட்கும் கருவி பிறந்தது. கதவு சரியாக மூடாவிட்டாலும், சரியாகத் திறக்காவிட்டாலும் ஓசை மாறும்.

துடிப்பின் ஒழுங்கு

நிமிடத்திற்கு 70 துடிப்பு என்று கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்திற்கும் அதிகமான துடிப்புகள் ஆகின்றன. துடிப்பு ஒன்றுக்கு 70 மில்லிலிட்டர் வீதம், நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7,000 லிட்டர். நம் உடலில் உள்ள இரத்தமே சுமார் 5 லிட்டர்தான். அந்த ஐந்து லிட்டரும் ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு ஒருமுறை முழுச் சுற்று வருகிறது.

இருதயத்திற்கு ஓய்வே இல்லை என்பார்கள். அது முழுவதும் சரியன்று. ஒரு துடிப்பின் காலம் ஏறத்தாழ 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்குவது 0.3 விநாடி, தளர்ந்து நிரம்புவது 0.5 விநாடி. வேலையை விட ஓய்வு அதிகம். ஆனால் அந்த ஓய்வு ஒவ்வொரு துடிப்பிலும் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. இருதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் பாய்வதும் இந்த ஓய்வு வேளையில்தான். பதற்றத்தாலோ காய்ச்சலாலோ துடிப்பு மிக விரைவாகும்போது முதலில் குறைவது இந்த ஓய்வே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இருதயம் துடிப்பதற்கு மூளை கட்டளையிடத் தேவையில்லை. வலது மேலறையின் சுவரில் ஒரு சிறு திசுமுடிச்சு உண்டு. 1907இல் கீத், ஃபிளாக் என்ற இருவர் அதனைக் கண்டறிந்தனர். அங்கிருந்து எழும் மெல்லிய மின்துடிப்பு முதலில் மேலறைகளில் பரவுகிறது. இரண்டாவது முடிச்சு ஒன்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதித்துப் பின் கீழறைகளுக்கு இறங்குகிறது. அந்தத் தாமதம் வீணானதன்று. மேலறைகள் தம் இரத்தத்தைக் கீழே இறக்கி முடிப்பதற்கு அது அவகாசம் தருகிறது. உடலின் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே நரம்புகளின் பணி. இம்மின்னோட்டத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவு செய்யும் முறையை ஐன்தோவன் செம்மைப்படுத்தினார். அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். இன்று ஆரம்ப நிலை மருத்துவமனைகளிலும் எடுக்கப்படும் ஈ.சி.ஜி. அதுவே.

மூவகைக் குழாய்கள்

இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்பவை தமனிகள். இருதயத்திற்குக் கொண்டு வருபவை சிரைகள். இரண்டையும் இணைப்பவை தந்துகிகள்.

தமனியின் சுவர் தடித்தது, மீள்தன்மை உடையது. கீழறை சுருங்கும்போது பெருந்தமனி விரிந்து கொடுக்கிறது. கீழறை தளரும்போது தான் சுருங்கி இரத்தத்தை முன்னே செலுத்துகிறது. எனவே இருதயம் விட்டுவிட்டுத் துடித்தாலும் இரத்தம் விடாமல் ஓடுகிறது. மணிக்கட்டில் நாம் உணரும் நாடி, இவ்விரிவின் அலையே.

தந்துகி மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலம் கூட அதற்கு இராது. சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சில இடங்களில் உடலை வளைத்துக்கொண்டே அதனுள் நுழைகின்றன. சுவரோ ஒரே ஒரு செல்லின் தடிமன். பிராணவாயுவும் உணவுச் சத்தும் திசுக்களுக்குச் செல்வதும், கழிவுகள் திரும்பி வருவதும் இங்கேதான். இருதயம், தமனி, சிரை என்ற இவ்வளவு ஏற்பாடும் இந்தத் தந்துகியின் வாயிலில் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்காகவே.

சிரையின் சுவர் மெல்லியது. உள்ளே அழுத்தம் குறைவு. காலிலிருந்து இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். அதற்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, சிரைகளினுள் இருக்கும் சிறு வால்வுகள். மற்றொன்று, கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அத்தசை சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. நாள் முழுவதும் இயந்திரத்தின் முன் அசையாமல் நிற்கும் தொழிலாளிக்கும், போக்குவரத்துக் காவலருக்கும், கடைச் சிப்பந்திக்கும் இத்துணை கிடைப்பதில்லை. காலில் இரத்தம் தேங்கிச் சிரைகள் புடைத்து முறுக்கிக் கொள்கின்றன. இதனைத் தடுக்கப் பெரும் செலவு தேவையில்லை. இடையிடையே நான்கு அடி நடக்க அனுமதித்தாலே போதும். தொழிற்கூடங்களின் வேலைமுறையை வகுப்போர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

இரத்த அழுத்தம்

குன்றின் உச்சியிலுள்ள வீட்டுக் குழாயில் தண்ணீர் வர வேண்டுமானால் கீழே போதிய அழுத்தம் இருக்க வேண்டும். இது பார்க்சைட்டில் வாழும் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூளை இருதயத்திற்கு மேலே இருக்கிறது. ஆகவே அழுத்தம் அவசியம். ஆனால் தேவைக்கு மிஞ்சிய அழுத்தம் குழாயையே கெடுத்துவிடும்.

இருதயம் சுருங்கும்போது தமனியில் ஏற்படுவது மேல் அழுத்தம். தளரும்போது எஞ்சியிருப்பது கீழ் அழுத்தம். 1896இல் இத்தாலியின் ரீவா ரோச்சி கைப்பட்டையைக் கொண்டு அளக்கும் கருவியை அமைத்தார். 1905இல் ருஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டையின் கீழே காதுக்குழாயை வைத்துக் கேட்டு இரு அழுத்தங்களையும் அறியும் முறையைக் காட்டினார். 120/80க்குக் கீழே இருப்பது நலம். வெவ்வேறு நாட்களில் அமைதியாக அமர்ந்த நிலையில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது மிகை இரத்த அழுத்தம்.

குழாய் சற்றுக் குறுகினாலே விளைவு பெரிதாக இருப்பதன் காரணத்தை மாணவர்கள் அறிய வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840களில் கண்ட விதியின்படி, குழாயினுள் ஓடும் அளவு அதன் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. அதே அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சிறு தமனிகள் இறுகும்போது, அதே அளவு இரத்தத்தை அனுப்ப இருதயம் அழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் இடது கீழறை தடித்துப் பின் களைத்துப் போகிறது. மூளையிலும் சிறுநீரகத்திலும் கண்ணிலும் நுண்குழாய்கள் சேதமடைகின்றன. இவ்வளவு நடந்தும் வலி ஏதும் இராது. நோயாளி வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பார். இதுவே இந்நோயின் பெரும் அபாயம்.

பம்பாய் அளித்த ஒரு மருந்து

இந்நோயின் சிகிச்சை வரலாற்றில் இந்நகருக்கு ஓர் இடம் உண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகை, நம் நாட்டு வைத்தியத்தில் மனக்கலக்கத்திற்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலமாக வழங்கி வந்தது. 1931இல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் அதன் வேரிலிருந்து சத்துக்களைப் பிரித்தெடுத்தனர்; இரத்த அழுத்தத்தை அது குறைப்பதையும் எழுதினர். பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையின் இருதய நோய் நிபுணர் ருஸ்தம் ஜால் வக்கீல், அம்மூலிகையை 50 நோயாளிகளுக்குக் கொடுத்து அளந்து கண்ட முடிவுகளை 1949இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன் பின்னரே மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952இல் ஸ்விட்சர்லாந்தில் ரிசர்பின் என்ற கூறு தனியே பிரித்தெடுக்கப்பட்டது. 1957இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது அளிக்கப்பட்டது.

பழைய மூலிகை என்பதற்காக வக்கீல் அதனைப் புகழவுமில்லை. பழையது என்பதற்காகத் தள்ளவுமில்லை. கொடுத்தார், அளந்தார், எழுதினார். மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகள் தெரிய வந்து, மேலான மருந்துகளும் கிடைத்த பிறகு ரிசர்பின் பின்னுக்குப் போயிற்று. அதுவும் விஞ்ஞானத்தின் நேர்மையே. இன்று வழங்கும் மருந்துகள் மலிவானவை. அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

இருப்பினும், நிலைமை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவிய அளவில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, வயது வந்தோரில் 35.5 சதவீதத்தினருக்கு மிகை இரத்த அழுத்தம் இருப்பதாகக் கூறுகிறது. மூவரில் ஒருவருக்கு மேல் என்று பொருள். இந்த அரங்கில் அமர்ந்திருப்போரை எண்ணிக் கொள்ளுங்கள். 2017இல் மத்திய அரசு தொடங்கிய மிகை இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த ஐந்து மாநிலங்களில் மகாராஷ்டிரமும் ஒன்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் ஊழியர்கள் வீட்டுக்கே சென்று அழுத்தத்தை அளந்து மாத்திரை தருகின்றனர். மருந்து இருப்பது வேறு. அது நாள் தவறாமல் வாயில் போய்ச் சேருவது வேறு. இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறைப்பதே நிர்வாகத்தின் வேலை.

தொண்டையில் தொடங்கும் இருதய நோய்

அடுத்து, குழந்தைகளின் இருதயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வருகின்றன. சில நாட்களில் சரியாகி விடுகிறது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்து முழங்காலும் கணுக்காலும் வீங்குகின்றன. வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவுகிறது. அதுவும் போய்விடுகிறது. ஆனால் வால்வில் விழுந்த தழும்பு போவதில்லை. தொண்டையில் புகுந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய படை, தன் வால்வுகளையே தாக்கிவிடுவதால் நேரும் கேடு இது. வாத இருதய நோய் என்று இதற்குப் பெயர். மீண்டும் மீண்டும் தாக்கினால் ஈரிதழ் வால்வு இறுகிக் குறுகிவிடும். அந்தப் பெண் குழந்தை வளர்ந்து கருவுறும்போது மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வருவாள்.

ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் வீடுகளில் இக்கிருமி எளிதில் பரவுகிறது. எனவே வால்வைக் கெடுப்பது கிருமி மட்டுமன்று. வீட்டு வசதியின்மையும் அதற்குத் துணை போகிறது. தாராவியிலும், இங்கே குன்றுச் சரிவிலும் ஒரு வீட்டுக்குக் கூடுதலாக ஒரு சன்னல் கிடைப்பது இருதய சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். தொண்டை வலியைத் தொடக்கத்திலேயே பென்சிலினால் குணப்படுத்துவது, ஒருமுறை தாக்கியவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தவறாமல் போடுவது - இவ்விரண்டும் நோயை நிறுத்தும்.

இத்துறையில் பெரும்பணி ஆற்றிய டாக்டர் பத்மாவதி அவர்களை இங்கே நினைவுகூர வேண்டும். 1917இல் பர்மாவில் பிறந்து, 1942இல் யுத்தத்தின் காரணமாகத் தாயுடன் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர். நாட்டின் முதல் பெண் இருதய நோய் நிபுணரான அவர் 1962இல் அகில இந்திய இருதய அறக்கட்டளையை நிறுவினார். 2020இல் தம் 103ஆம் வயதில் மறைந்தார். பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கு பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் வாழ்க்கை ஊக்கம் தரும்.

கெட்டுப்போன வால்வை மாற்றும் தொழில்நுட்பத்திலும் நம்மவர் உழைத்துள்ளனர். இறக்குமதி வால்வு ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையிலான குழு உள்நாட்டு வால்வை உருவாக்க முனைந்தது. முதல் மூன்று மாதிரிகள் தோல்வியுற்றன. நான்காவது மாதிரி வெற்றி பெற்று, 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

நாம் நிற்கும் இந்நகரில், டாக்டர் பி.கே. சென் 1968 பிப்ரவரி 16ஆம் நாள் கே.ஈ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இருதய மாற்று அறுவையைச் செய்தார். தென்னாப்பிரிக்காவில் உலகின் முதல் மாற்று அறுவை நடந்து இரண்டரை மாதங்களே ஆகியிருந்தன. நோயாளி சில மணி நேரமே வாழ்ந்தார். மூளைச் சாவை ஏற்கும் சட்டம் 1994இல் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தில்லியில் டாக்டர் வேணுகோபால் செய்த அறுவை வெற்றி பெற்றது. கத்தியும் கையும் தயாராக இருந்தாலும், சட்டமும் சமூக ஏற்பும் உடன்வந்தால்தான் மருத்துவம் முழுமை பெறும் என்பது இந்த 26 ஆண்டுகள் சொல்லும் செய்தி.

இருதயத்திற்கே இரத்தம் கிடைக்காதபோது

இருதயத்தின் அறைகளில் எந்நேரமும் இரத்தம் நிறைந்திருக்கிறது. ஆயினும் அத்தசை தனக்கு வேண்டியதை அதிலிருந்து நேரே எடுத்துக் கொள்வதில்லை. பெருந்தமனியின் தொடக்கத்திலிருந்து கிளைக்கும் இரண்டு கொரோனரி தமனிகளே அதற்கு உணவூட்டுகின்றன. புகையிலை, மிகை அழுத்தம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு ஆகியவற்றால் இத்தமனிகளின் உட்சுவர் தடித்து வருகிறது. ஒரு நாள் அத்தடிப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்து விடுகிறது. அப்பகுதித் தசை நிமிடத்துக்கு நிமிடம் மடியத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. நம் நாட்டின் மரணங்களில் இருதய, இரத்தக் குழாய் நோய்களால் நேர்ந்தவை 1990இல் 15.2 சதவீதம், 2016இல் 28.1 சதவீதம்.

புள்ளிவிவரத்தை விட்டு, நான் அறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, இயந்திரக் கூடத்தில் வேலை பார்த்து, குன்றின் மேல் ஒரு சிறு வீட்டில் குடும்பம் நடத்தியவர். வயது ஐம்பதுக்குள். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, உடலெல்லாம் வியர்வை. அவர் மனைவி ஓமத்தைக் காய்ச்சிக் கொடுத்தார். அண்டை வீட்டார் சோடா வாங்கி வந்தார். “வாய்வுப் பிடிப்புதான் அண்ணாச்சி, விடிஞ்சா சரியாப் போயிரும்” என்று தேற்றினார்கள். எல்லோரும் அன்போடு செய்தார்கள். காலை ஒன்பது மணிக்கு அவரே படியிறங்கி நடந்து வந்தார். ஏழு மணி நேரம் கழிந்திருந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இருதயத் தசையின் ஒரு பெரும் பகுதி தழும்பாகி விட்டது. அதன் பின் அவரால் தம் வீட்டுப் படிகளை ஏற முடியவில்லை. வேலை போயிற்று, கல்லூரியில் சேர்ந்திருந்த மூத்த மகன் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனான். ஓராண்டுக்கு முன்பே அவருக்கு அழுத்தம் அதிகம் என்று சொல்லப்பட்டிருந்தது. “ஒன்றும் தெரியவில்லையே” என்று மாத்திரையை விட்டுவிட்டாராம்.

இத்தகைய குடும்பங்களைக் காப்பது இயலாத காரியமன்று. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளையும் ஆம்புலன்சுகளையும் பெரிய இருதய சிகிச்சை நிலையங்களோடு ஒரு வலையாக இணைத்துப் பார்த்தனர். முதலில் அருகிலேயே உறைவைக் கரைக்கும் மருந்து. பின் பெரிய நிலையத்தில் அடைப்பை நீக்கும் சிகிச்சை. 2017இல் வெளியான அதன் முடிவுகள், ஓராண்டுக்குள் நேரும் மரணம் குறைந்ததைக் காட்டின. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்ததை ஒழுங்குபடுத்தினார்கள், அவ்வளவே.

நாம் செய்யக் கூடியவை

முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்து கொள்ள வேண்டும். மாத்திரை தொடங்கினால் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், வடாம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். பீடி, சிகரெட்டோடு, வாயில் அடக்கும் புகையிலையையும் விட்டொழிக்க வேண்டும். நெஞ்சில் பாரமும் வியர்வையும் வந்தால் ஓமமும் சோடாவும் தேடி நிற்க வேண்டாம், 108ஐ அழையுங்கள், நோயாளியை நடக்க விடாதீர்கள். மயங்கி விழுந்து மூச்சும் அசைவும் இல்லாதவரின் நடுமார்பை, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி அழுத்த ஒவ்வொரு மாணவரும் கற்றுக் கொள்ள வேண்டும்.

அலுவலர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு குழந்தைக்குத் தவறாமல் போய்ச் சேரும் பென்சிலின் ஊசி, ஒரு தொழிலாளிக்கு மாதந்தோறும் கிடைக்கும் மாத்திரை, குன்றின் மேல் ஆம்புலன்ஸ் ஏறும் அளவுக்கு ஒரு பாதை - இவை கோப்புகளில் தனித்தனித் துறைகளின் கீழ் வரும். இருதயத்தின் கணக்கில் இவையெல்லாம் ஒன்றே.

நான் சொன்ன அந்த நண்பரின் தம்பி சென்ற மாதம் என்னிடம் வந்தார். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. “அண்ணனுக்கு ஆனது எனக்கு ஆகக் கூடாது, பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். அழுத்தம் 156/98 இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தேன். நான்கு வாரம் கழித்து, கையில் அட்டையோடு மறுபடியும் வந்தார். அவர் வந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

நீங்களும் வீடு திரும்பியதும் உங்கள் குடும்பத்தில் ஒருவரையேனும் அழைத்துச் சென்று அளந்து பாருங்கள்.